செயலாளர் அறிக்கை 2024–25: மென்பொருளைத் திறந்து பார்த்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு, உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் சங்கத்தின் பொதுக்குழுவில் வாசிக்கப்போகும் அறிக்கைதான் இது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று முன்கூட்டியே அனுப்புகிறேன்.

எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். இந்த ஆண்டு நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாக்சிமா, சிம்பை, சேஜ் போன்ற திறமூலக் (நிரலை யாரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய) குறியீட்டுக் கணித மென்பொருள்களை இதுவரை நாம் கற்றுக்கொடுத்து வந்ததற்கு முதல் காரணம், காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான். இந்த ஆண்டு உறுப்பினர்கள் அவற்றின் உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள், சந்தேகம் வந்தால் நிரலைத் திறந்து படித்தார்கள், சிலர் திருத்தியும் அனுப்பினார்கள். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியும் என்று போன பொதுக்குழுவில் சொன்னபோது நம்பாதவர்கள் இருந்தார்கள், இப்போது அவர்களில் சிலரே செய்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரணக் கால்குலேட்டர் எண்ணை வைத்துக் கணக்குப் போடும், இவை எழுத்தை வைத்தே போடும். √2-ஐ 1.414 என்று வெட்டாமல் கடைசிவரை √2 ஆகவே வைத்திருக்கும். வகையிடும், தொகையிடும், சமன்பாட்டைத் தீர்க்கும், விடையைச் சூத்திரமாகவே தரும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் இந்த முறை பிளஸ் டூ கணித ஆசிரியர்கள் நிறையப் பேர் உட்கார்ந்தார்கள். அவர்களை இழுத்துவந்தது ஒரு கணக்குதான். எக்ஸின் என்-ஆவது அடுக்கைத் தொகையிடு என்று மாக்சிமாவிடம் கொடுத்தால் அது உடனே விடை சொல்லாது, "என் என்பது -1-க்குச் சமமா?" என்று நம்மைத் திருப்பிக் கேட்கும். இல்லை என்றால் நமக்குத் தெரிந்த சூத்திரம் வரும், ஆம் என்றால் மடக்கை வரும். அதே கணக்கைச் சிம்பையிடம் கொடுத்தால் கேள்வி கேட்காமல் இரண்டு விடையையும் நிபந்தனையோடு எழுதிக் கொடுக்கும். ஓர் ஆசிரியை சொன்னார்: "நான் போர்டுல என் -1 ஆக இருக்கக் கூடாதுன்னு ஓரமா எழுதிட்டுப் போயிடுவேன், ஒரு பிள்ளையும் பார்க்காது. இது கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காருது." அவர் இப்போது தன் பள்ளியில், அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்றில் மாக்சிமா போட்டு வைத்திருக்கிறார். அந்த மாதிரிப் பழைய கணினியிலும் அது தடங்கலில்லாமல் ஓடுகிறது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். சரி, பார்த்துவிடலாம் என்று மாக்சிமாவின் மூல நிரலை இறக்கினோம். லிஸ்ப் மொழியில் எழுதியது, முதல் பார்வைக்கு வெறும் அடைப்புக்குறிகளாகவே தெரியும். தொகையிடுகிற பகுதியின் கோப்புக்கு 'சின்' என்று பெயர். ஜோயல் மோசஸ் 1967-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக எழுதிய நிரலின் பெயரும் அதுதான். இன்று நம் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு ஓட்டுகிற மென்பொருளில் அந்தக் காலத்து வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது.

அது தப்பிப் பிழைத்த கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாக்சிமாவுக்கு முன்னோடியான திட்டம் 1968-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. பிறகு அதன் ஒரு பிரதி அமெரிக்க எரிசக்தித் துறையின் கைக்குப் போனது, வேறொரு பிரதி விற்பனைச் சரக்காகப் போனது. எரிசக்தித் துறையின் பிரதியை டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் பராமரித்தார். 1998-ல் அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட அனுமதி வாங்கினார், 2001-ல் இறந்துபோனார். அந்த அனுமதி வந்திருக்காவிட்டால் அவரோடு அந்த வேலையும் பூட்டிய அறைக்குள் போயிருக்கும். இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம், தொடர்ந்தும் வருகிறார்கள். இலவசம் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சிம்பை பக்கம் வருவோம், இந்த ஆண்டு அதிக நேரம் போனது அதில்தான். 2006 வாக்கில் ஓண்ட்ரெய் செர்ட்டிக் என்பவர் தொடங்கிய திட்டம், முழுக்கப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியது, அதனால் பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம். மாணவர்கள் முதல் வாரம் தடுக்கி விழுகிற இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2^3 என்று அடித்தால் 8 வராது, 1 வரும். பைத்தானில் அந்தக் குறி அடுக்கு அல்ல, பிட் அளவில் நடக்கிற வேறு செயல். பிழைச் செய்தியும் வராது என்பதால் தப்பான விடையைத் தாளில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 2**3 என்று, இரண்டு நட்சத்திரக் குறி போட்டு அடிக்க வேண்டும். அதேபோல எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தைச் சுருக்கச் சொன்னால் எக்ஸ் என்று தராது, அப்படியே வைத்திருக்கும். எக்ஸ் மிகை எண் என்று நாம் முதலில் அறிவித்தால்தான் எக்ஸ் என்று தரும், மெய்யெண் என்று மட்டும் சொன்னால் மட்டு மதிப்பைத் தரும். மென்பொருள் முரண்டுபிடிக்கிறது என்று முதலில் சொன்ன மாணவர்கள், எக்ஸுக்கு -3 போட்டுப் பார்த்ததும் அமைதியானார்கள்.

இரண்டு கோவைகள் சமமா என்று பார்ப்பதும் இதேபோல நீண்ட பேச்சானது. சிம்பையில் இரட்டைச் சமக்குறி போட்டால் எழுதிய வடிவம் ஒன்றா என்றுதான் பார்க்கும், மதிப்பு ஒன்றா என்று பார்க்காது. (எக்ஸ் கூட்டல் 1) என்பதன் வர்க்கமும் அதன் விரிவும் அதற்கு வேறு வேறு. கழித்துச் சுருக்கிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கும் எல்லாக் கோவைகளுக்கும் பொருந்துகிற ஒரே வழிமுறை இருக்கவே முடியாது என்று 1968-ல் கணித அறிஞர் ரிச்சர்ட்சன் நிரூபித்திருக்கிறார். இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த பொறியியல் மாணவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

ஜூலை 2024-ல் சிம்பையின் 1.13 பதிப்பு வந்தது. அதில் தசம எண்ணும் விகிதமுறு எண்ணும் சமக்குறிக்கு வேறு வேறாகிவிட்டன. முன்பு 0.5-ம் ½-ம் சமம் என்று சொன்னது, இப்போது இல்லை என்கிறது. நம் பயிற்சித்தாள்களைத் தானாகத் திருத்துகிற நிரல் ஒரே நாளில் சரியான விடைகளுக்கெல்லாம் தப்புப் போட ஆரம்பித்தது. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் மாற்றத்துக்கான காரணத்தை வெளியீட்டுக் குறிப்பில் படித்த பிறகு நம் நிரலைத்தான் மாற்றினோம், அதுதான் சரி. தோராயமான எண்ணும் துல்லியமான எண்ணும் ஒன்றல்ல என்பதை நாமே வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி இந்த ஆண்டின் முக்கியமான செய்தி. நம் உறுப்பினரான ஒரு கல்லூரி மாணவி, சிம்பையில் ஒரு சார்பின் (ஒரு கணக்கைச் செய்கிற நிரல் துண்டின்) விளக்கக் குறிப்பில் எடுத்துக்காட்டே இல்லை என்று கவனித்து, தானே ஒன்றை எழுதி, நிரல்களைப் பகிர்ந்து திருத்துகிற இணையதளமான கிட்ஹப் வழியாகச் சிம்பைக்கு அனுப்பினார். சின்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் சிம்பையில் விளக்கக் குறிப்பில் இருக்கிற ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் கணினி ஓட்டிப் பார்க்கும், அச்சிட்ட விடையும் வருகிற விடையும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். அதைத் தாண்டினால் வெளியீட்டுக் குறிப்புக்கான வரியை எழுதினோமா என்று ஒரு தானியங்கி கேட்கும். அதையும் தாண்டினால் பங்களிப்பாளர் பட்டியல். அங்கேதான் சிக்கல்: கல்லூரிக் கணினியில் இனிஷியல் பெயருக்கு முன்னால், வீட்டு லேப்டாப்பில் பின்னால். இரண்டு ஆட்களாகத் தெரிகிறார். இரண்டும் ஒருவரே என்று அதற்கான கோப்பில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் பச்சை டிக் விழுந்தது. இனிஷியல் வைத்திருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது வரும், ஆகவே எல்லாக் கணினியிலும் பெயரை ஒரே மாதிரி கொடுத்து வையுங்கள். திருத்தம் சொன்னவர் எங்கோ இருக்கிற தன்னார்வலர், பொறுமையாக இரண்டு முறை மாற்றச் சொன்னார், பிறகு சேர்த்துக்கொண்டார். அந்த மாணவிக்கு இந்தப் பொதுக்குழுவில் ஒரு பாராட்டு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் நிரல் எழுதினால்தான் பங்களிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். தப்பான விடை வந்தால் அதை வரவழைக்கிற மிகச் சின்ன எடுத்துக்காட்டு, எந்தப் பதிப்பு, நீங்கள் எதிர்பார்த்த விடை என்ன என்று எழுதி அனுப்புங்கள். நாற்பது வரி நிரலை அப்படியே ஒட்டி 'வேலை செய்யவில்லை' என்று போட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு அரை நாள் போய்விடும். நாற்பதை மூன்று வரியாகக் குறைப்பதற்குள் பாதி நேரம் காரணம் நமக்கே பிடிபட்டுவிடும்.

டிசம்பர் 22 அன்று ராமானுஜன் பிறந்தநாள், தேசியக் கணித நாள். மாலை போட்டுவிட்டுப் பேச்சோடு முடிக்காமல் இந்த முறை எண் பிரிவினையை எடுத்துக்கொண்டோம். 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? கணித அறிஞர் மேக்மோகன் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்த விடை 3972999029388. ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே அந்த எண் 0.004 வித்தியாசத்தில் வந்துவிட்டது. 1937-ல் ராடெமாக்கர் என்ற கணித அறிஞர் அதைத் துல்லியமான தொடராக்கினார். பிள்ளைகள் சிம்பையில் 200-ஐக் கொடுத்ததும் கண் இமைப்பதற்குள் அதே எண் வந்து நின்றது. அப்புறம் அந்தச் சார்பின் நிரலைத் திறந்து காட்டினோம், அங்கே ஹார்டி, ராமானுஜன், ராடெமாக்கர் என்று மூவர் பெயரும் எழுதியிருக்கிறது. இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவரின் பெயர் நிரலுக்குள்ளேயே இருப்பதை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் திரையில் விரல் வைத்துப் படித்தான்.

சரியாக நடக்காததையும் சொல்லிவிடுகிறேன். சேஜ் வகுப்பை முழுதாக நடத்த முடியவில்லை. வில்லியம் ஸ்டெய்ன் 2005-ல் தொடங்கிய அந்த மென்பொருள் மாக்சிமா, பாரி, காப், சிங்குலர் என்ற கணித மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவருவது, அதனால் மிகப் பெரியது. விண்டோஸில் நேரடியாகவும் ஓடாது. பழைய லேப்டாப்களில் நிறுவப் பார்த்து நேரம் போனதுதான் மிச்சம். அடுத்த ஆண்டு உலாவியிலேயே ஓடுகிற சேஜ்செல் போதும் என்பது என் கருத்து. இன்னொன்று, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள். மாற்று இருக்கிறது, நாங்களே வந்து நிறுவித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம், இன்னும் பதில் இல்லை. மறுபடியும் எழுதுவோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: மாதத்தில் ஒரு ஞாயிறு முழுவதும் திருத்தம் அனுப்பும் வேலைக்கே ஒதுக்குவது, மாக்சிமா தொடக்கக் கையேட்டைத் தமிழில் எழுதி முடித்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிடுவது, சிம்பைக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு தொகை அனுப்புவது. சிம்பை, திறமூல அறிவியல் மென்பொருள்களுக்கு உதவுகிற நம்ஃபோகஸ் அமைப்பின் ஆதரவில் இருக்கிற திட்டம், நன்கொடையை அதன் வழியாகப் பெறுகிறார்கள். எவ்வளவு என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். தொகை சின்னதாக இருந்தாலும் ஆண்டுதோறும் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாடி அறையை ஞாயிறுதோறும் திறந்து கொடுத்த நூலகத்தாருக்கும், ப்ரொஜெக்டர் இரவல் கொடுத்த உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கும்பகோணம்