கதிரை போதும், மாதச் செலவுக்கு வழி சொல்லுங்கள்

மட்டக்களப்பு மாவட்டப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த வருடப் பாதீடு உங்கள் மேசைக்கு வரும் நேரம் என்பதால் இதை எழுதுகிறோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாலை வகுப்புகள் ஏன் நின்றுபோகின்றன என்று கேட்டால், பிள்ளைகள் வருவதில்லை என்கிறார்கள். பிள்ளைகள் வருகிறார்கள். படிப்பிக்கிறவர்தான் நிலைப்பதில்லை. உயர்தரம் முடித்த பிள்ளையொன்று பின்னேரத்தில் வந்து படிப்பிக்கும். கொடுப்பனவு மாதக்கணக்கில் இழுபட்டால் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடும். அதைக் குறை சொல்ல முடியுமா?

உதவி வராமலில்லை, வருவதெல்லாம் மூலதனச் செலவாக, அதாவது பொருள் வாங்கும் ஒருமுறைச் செலவாக வருகிறது. நிதி கைக்கு எட்டவே ஆண்டின் பிற்பாதியாகிவிடும். டிசம்பர் 31க்குள் முடிக்கவும் வேண்டும், மூன்று விலைமனுவும் வேண்டும். இதற்கெல்லாம் தோதானது பிளாஸ்டிக் கதிரையும் கெரம் போட்டும்தான். ஒழுகும் கட்டடத்தில் ஒரு மாரி போனால் கெரம் போட்டின் பலகை ஊதி, காய் பாதியிலேயே நின்றுவிடும்.

மாதாமாதம் வரும் மீண்டெழும் செலவோ பெரிதல்ல. 40 பிள்ளைகள், கிழமைக்கு 3 நாள் என்று வையுங்கள். சிற்றுண்டிக்குத் தலைக்கு 30 கிராம் காய்ந்த கடலை என்றால் நாளுக்கு 1.2 கிலோ, மாதம் 12 நாளுக்கு 14.4 கிலோ. 18 வோட் குழல் விளக்கு 4, 75 வோட் மின்விசிறி 2, நாளுக்கு இரண்டரை மணித்தியாலம்: மாதம் 7 அலகு மின்சாரம்கூடப் போகாது. ஆனால் வகுப்பு நடக்காத மாதத்திலும் நிலையான கட்டணம் ஏறும். அதைக் கட்டாமல் விட்டு, இறுதி எச்சரிக்கையாகச் சிவப்பு பில் வந்து இணைப்பை வெட்டினால் மறு இணைப்புக்கு வேறு காசு. மிச்சமெல்லாம் படிப்பிப்பவரின் கொடுப்பனவு.

ஆகவே மீண்டெழும் செலவில் இதற்கொரு தனித் தலைப்பு வையுங்கள். செலவழித்துவிட்டு பில்லைத் தா என்றால், கையில் முதலில்லாத கிராம அபிவிருத்திச் சங்கத்தால் தொடங்கவே இயலாது. 3 மாத முற்பணம் கொடுங்கள். வரவுப் பதிவேடும் பற்றுச்சீட்டுகளும் ஒப்படைத்த பிறகே அடுத்த காலாண்டுக்கு விடுங்கள். ஊர்க் கடையில் அச்சடித்த பில் கிடையாது. கையெழுத்துப் பற்றுச்சீட்டில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் ஏற்கலாம் என்று முன்கூட்டியே சபைத் தீர்மானம் எடுங்கள். இல்லாவிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும், விடயப் பொறுப்பு உத்தியோகத்தர் மறுவருடம் கோப்பைத் தொடமாட்டார்.

கொடுப்பனவை மட்டும் படிப்பிப்பவரின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள், ஜனவரியிலிருந்தே. ஜூனில் அனுப்பினால் வாங்க ஆள் இருக்காது.

இப்படிக்கு,
படுவான்கரையில் மாலை வகுப்பு நடத்துவோர்