ஃபீல்ட்வொர்க்க தூக்கணும்னு சொல்றது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பொது நிர்வாகம், சமூகப்பணி படிப்புகள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில நிர்வாகம் படிக்கிற பசங்களுக்கு ஃபீல்ட்வொர்க் (அதான், நேரா ஜனங்க இருக்கற இடத்துக்குப் போய் கத்துக்கற களப்பணி) வேஸ்ட்டு, அது சோஷியல் வொர்க் டிபார்ட்மென்ட் சமாச்சாரம், அந்த நேரத்துல இன்னும் ரெண்டு பேப்பர் படிச்சா வேலைக்கு உதவும்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. நான் யுனிவர்சிட்டியில ரெண்டையும் சேர்த்துப் படிச்சவ. கடிதம் கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க.

முதல் வருஷம் எங்களுக்கு முழுக்க தியரிதான். உட்ரோ வில்சன் அமெரிக்க ஜனாதிபதி ஆகறதுக்கு ரொம்ப முன்னாடி, வாத்தியாரா இருந்தப்போ 1887-ல எழுதின கட்டுரையில ஆரம்பிச்சு (அரசியல் வேற, நிர்வாகம் வேறங்கறது அவரோட வாதம்), 1937-ல லூதர் குலிக் சொன்ன போஸ்ட்கார்ப் (ஒரு நிர்வாகி பண்ண வேண்டிய ஏழு வேலையோட இங்கிலீஷ் பேர்கள வெச்சு உண்டாக்கின சுருக்கம்) வரைக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். அப்புறம் ஹெர்பர்ட் சைமன்னு இன்னொரு நிர்வாக அறிஞர் வந்து எல்லாத்தையும் கலைச்சு விட்டுடுவார். நிர்வாகக் கொள்கைன்னு நீங்க சொல்றதெல்லாம் பழமொழி மாதிரிதான்யா, ஒண்ணுக்கு எதிரா இன்னொண்ணு ரெடியா இருக்குன்னு 1946-லயே எழுதிட்டார். நமக்குத்தான் தெரியுமே, பதறாத காரியம் சிதறாதுன்னும் சொல்லுவோம், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுன்னும் சொல்லுவோம், எது எப்போன்னு பழமொழி சொல்லாது. ஒரு ஆபீசருக்குக் கீழ ஆள் கம்மியா இருந்தாத்தான் மேற்பார்வை நல்லா இருக்கும்னு ஒரு கொள்கை, ஃபைல் ஏறி இறங்குற படி கம்மியா இருக்கணும்னு இன்னொரு கொள்கை. ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணிப் பாருங்க, முடியாது. இத நான் எக்ஸாம்ல அழகா எழுதி மார்க் வாங்கினேன், ஆனா எனக்கு உண்மையிலயே புரிஞ்சது ரெண்டாவது வருஷம் வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு உதவித்தொகை ஆபீஸ் கவுண்டர் பக்கத்துல உக்காந்தப்போதான்.

அங்க ஒரு அம்மா மூணாவது தடவையா வந்திருந்தாங்க. ஃபார்ம்ல ஏழாவது கட்டம், நிரந்தர முகவரி. அவங்களுக்கு வீடு போயி ஒரு வருஷம் ஆச்சு, இங்க பத்து நாள் அங்க பத்து நாள்னு சொந்தக்காரங்க வீட்டுல மாறி மாறி தங்குறாங்க, அதனால அந்தக் கட்டத்த காலியா விட்டிருந்தாங்க. கவுண்டர்ல இருந்தவர் கெட்டவர்லாம் இல்ல, பின்னாடி பெரிய க்யூ நிக்குது, காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது, அவர் என்னதான் பண்ணுவார். குரல தாழ்த்தி, தெரிஞ்சவங்க அட்ரஸ் ஏதாவது போடுங்கம்மான்னார். அதுக்கு அந்த அம்மா, அப்போ நான் பொய் எழுதின மாதிரி ஆயிடாதா சார்னு கேட்டாங்க. பேனாவ கையில புடிச்சிக்கிட்டு எழுதவும் மனசில்லாம திரும்பிப் போகவும் மனசில்லாம நின்னாங்க, இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு.

எங்க ஃபீல்ட் சூப்பர்வைசர் மேடம் என்னைப் பார்த்து, விதி என்ன சொல்லுதுன்னு எடுத்துப் படின்னாங்க. படிச்சா, விதியில நிரந்தர முகவரின்னு ஒரு வார்த்தையே இல்ல! தொடர்புகொள்ள வேண்டிய இடம்னுதான் இருந்துச்சு. விதிய ஃபார்மா மாத்தினவர் யாரோ, அவருக்குத் தெரிஞ்ச உலகத்துல எல்லாருக்கும் நிரந்தர முகவரி இருந்திருக்கு, அவ்ளோதான். அந்த அம்மா தினமும் போயிட்டு வர்ற சமூகக் கூடத்தோட அட்ரஸப் போட்டு, விதியையும் காட்டினதும் கவுண்டர்ல இருந்தவர் அன்னிக்கே வாங்கிக்கிட்டார்.

மைக்கேல் லிப்ஸ்கிங்கற ஆய்வாளர் 1980-ல சொன்னது இதத்தான், கொள்கை மேல எழுதப்பட்டாலும் ஜனங்களுக்கு அது என்னவா போய்ச் சேருதுங்கறத கவுண்டர்ல இருக்கிறவர்தான் முடிவு பண்றார். பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2018-ல இன்னொரு கணக்கு போட்டுக் காட்டினாங்க: ஒரு உதவிய வாங்க ஜனங்க மூணு விதமா விலை குடுக்கறாங்க, அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிக்கற பாடு, பேப்பர் சேர்க்கற பாடு, மனசு படற பாடு. மூணாவது எந்த ஃபைல்லயும் ஏறாது. பேனாவோட நின்ன அந்த அம்மாவ பார்க்காம இருந்திருந்தா இத நான் இன்னொரு அஞ்சு மார்க் கேள்வியாத்தான் படிச்சிருப்பேன்.

எங்க சோஷியல் வொர்க் பக்கமும் யோக்கியம்னு சொல்ல வரல. ஃபைல், பட்ஜெட்னாலே மூஞ்சிய சுளிக்கறவங்க நிறைய. என் ஃப்ரெண்டு ஒருத்தி ஒரு குடும்பத்தப் பத்தி உருக்கமா கேஸ் ரிப்போர்ட் எழுதினா, படிச்சா கண்ணு கலங்கும், ஆனா எந்த நிதியில இருந்து கேக்கறோம், யார் கையெழுத்து போடணும்னு ஒரு வரி இல்ல. திரும்பி வந்துடுச்சு. அவளும் ஒரு வாரம் சிஸ்டத்தத் திட்டிக்கிட்டே இருந்தா.

இந்த ரெண்டையும் பிரிச்சே ஆகணும்னு யார் சொன்னா? சிகாகோ யுனிவர்சிட்டியில 1920-ல சமூகப்பணிப் பள்ளி சேர்ந்தப்போ அதுக்கு வெச்ச பேர்லயே சமூக சேவையும் இருந்துச்சு நிர்வாகமும் இருந்துச்சு. அத முன்ன நின்னு நடத்தின ஈடித் அபட்டும் சோஃபனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் வெறும் வகுப்பறை ஆளுங்க இல்ல, ஜேன் ஆடம்ஸ் நடத்தின ஹல் ஹவுஸ்ங்கற சமூக சேவை இல்லத்துல ஏழை ஜனங்களுக்கு நடுவுல குடியிருந்தவங்க. அப்படி இருந்துட்டு வந்தவங்கதான் சட்டமும் புள்ளிவிவரமும் படிக்காம இந்த வேலைக்கு வராதீங்கன்னு மாணவர்கள்கிட்ட கறாரா நின்னாங்க.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். நிறைய இடத்துல ஃபீல்ட்வொர்க்னா போய் கையெழுத்து போட்டு, ஒரு போட்டோ எடுத்து, சீனியரோட ரிப்போர்ட்ட தேதி மாத்தி குடுக்கறதுதான். அப்படின்னா அத சரி பண்ணச் சொல்லி எழுதுங்க, தூக்கச் சொல்லி எழுதாதீங்க. என்னைக் கேட்டா நிர்வாகம் படிக்கிற ஒவ்வொருத்தரையும் முதல் நாளே ஒரு முழு ஃபார்ம எடுத்து, படிக்கத் தெரியாத ஒருத்தருக்கு உக்காந்து நிரப்பிக் குடுக்கச் சொல்லணும், அதுக்கப்புறம் வில்சன ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு, கட்டுரைக்குப் பக்கத்துல போட்டிருந்த கட்டத்துல போஸ்ட்கார்புக்கு விரிவாக்கம் ஆறுதான் இருக்கு. ஏழாவது பட்ஜெட்டிங், விட்டுப்போச்சு. அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடுங்க, பரீட்சைக்கு இத வெச்சு படிக்கிற பசங்க இருப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி