அரோராவின் டூட்டூவைத் தைக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

1946-ஆம் வருஷத்து மாதிரியில், ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலேயின் இளவரசி அரோராவுக்கு ஒரு டூட்டூவை, அதாவது பாலே ஆடுகிறவள் போடும் அடுக்குப் பாவாடை உடையை, தைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் காலத்துப் படங்களில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பகட்டு எங்கிருந்து வந்தது, கல்லிலிருந்தா ஜரிகையிலிருந்தா என்றும் கேட்டிருந்தாய். முக்கால்வாசி வெட்டிலிருந்து வந்தது. மிச்சம் தூரத்திலிருந்து. கத்தரிக்கோலை எடுக்கும் முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடு.

அந்த வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி லண்டனில் கோவன்ட் கார்டன் ஓப்பரா ஹவுஸ் மறுபடி திறந்தது. போர்க் காலம் முழுக்க அது ஜனங்கள் ஜோடி சேர்ந்து ஆடும் டான்ஸ் ஹாலாக இருந்தது. நினெட் டி வால்வாவின் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழு ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யோடு அங்கே குடிபுகுந்தது. 26 வயது மார்கோ ஃபான்டெய்ன் அரோரா. ராபர்ட் ஹெல்ப்மனுக்கு ஒரே இரவில் இரண்டு வேஷம்: இளவரசன், சூனியக்காரி காரபோஸ். அரச குடும்பமே வந்து உட்கார்ந்து பார்த்தது. ஆனால் துணிக்கு அப்போது ரேஷன். 1941 ஜூனில் ஆரம்பித்து 1949 மார்ச் வரை கூப்பன் இல்லாமல் கடையில் துணி வாங்க முடியாது. முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 போய்விடும். அந்த நிலைமையில்தான் மேடையையும் உடையையும் வடிவமைத்த ஆலிவர் மெசல் ஒரு அரண்மனையையே மேடைக்குக் கொண்டுவந்தார். புகைபிடிக்கும் பைப்பைத் துடைக்கும் பஞ்சுக் கம்பி, மிட்டாய்த் தாள் என்று எது கைக்குக் கிடைத்தாலும் அதில் கிரீடம் செய்யக்கூடிய மனிதர் அவர். பக்கத்தில் போய்ப் பார்த்தால் காகிதமும் பசையும்தான் தெரியும். விளக்கு வெளிச்சத்தில், பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் பொன். அவருடைய சேகரிப்பு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டாயம் போய்ப் பார்த்துவிட்டு வா.

முதலில் பாடி, அதாவது இடுப்புக்கு மேலே இறுக்கமாக வரும் பகுதி. மேலே தெரிகிற பட்டுத் துணியைப் பார்த்து மயங்காதே, பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் கெட்டிப் பருத்திதான். நடு முன்பக்கத் துண்டை நேர் நூலோட்டத்தில் வெட்டு. பக்கத் துண்டுகளைக் கிராஸில் வெட்டு. நம் ஊர் கிராஸ் கட்டிங் ஜாக்கெட்டில் துணி எப்படி உடம்போடு இழுபட்டுக் கொடுக்கிறதோ, அதே வேலைதான் இங்கேயும். ஆடுகிறவள் மூச்சை இழுக்கும்போது விலாப்பக்கம் விரியவேண்டும், முன்பக்கம் அசையக்கூடாது. எல்லாத் துண்டையும் நேராக வெட்டினால் முதல் பத்து நிமிஷத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டும். எல்லாவற்றையும் கிராஸில் வெட்டினால் இரண்டாம் அங்கத்துக்குள் பாடி தொளதொளத்துவிடும்.

அக்குள் வெட்டுதான் உயிர்நிலை. அரோரா ஆடும் ரோஸ் அடாஜியோ கட்டத்தை நினைத்துக்கொள். நான்கு இளவரசர்கள். அவள் ஒற்றைக் காலின் விரல்நுனியில் நிற்கிறாள், மற்றொரு கால் பின்னால் மடங்கி உயர்ந்திருக்கிறது. ஒருவன் கையை விட்டு, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், அப்படியே நின்று, அடுத்தவன் கையைப் பிடிக்கவேண்டும். அக்குளைத் தாழ வெட்டியிருந்தால் கை உயரும்போது பாடியும் சேர்ந்து மேலே ஏறும். இடுப்புக்கோடு நகரும், பாவாடை ஒரு பக்கம் சாயும், பார்க்கிறவர்களுக்கு அவளே தடுமாறுவதுபோலத் தோன்றும். அதனால் அக்குளை உயர்த்தி, ஒட்ட வெட்டு. கையில் தெரியும் அந்தச் சின்னப் பஃப் பாடியோடு சேர்ந்ததாக இருக்கக்கூடாது. எலாஸ்டிக் வைத்துத் தனியாகத் தை. ஃபிட்டிங்கின்போது அவளை நேராக நிற்கவைத்து மட்டும் பார்க்காதே. இரண்டு கையையும் தூக்கச் சொல், பின்னால் வளையச் சொல், மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்.

பின்பக்கம் ஜிப் வேண்டவே வேண்டாம். ஜிப் சிக்கினால் மொத்தமும் போச்சு, ஒரு கொக்கி விட்டால் மற்றவை தாங்கும். கொக்கிகளை ஒன்று விட்டு ஒன்று திசை மாற்றித் தை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தால் மூச்சு விடும்போது வரிசையாகக் கழன்றுகொள்ளும். உள்ளே இடுப்பில் ஒரு கெட்டி ரிப்பன் பட்டி வை. பாவாடை மேலே ஏறாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

இனி பாவாடை. நெட் 10 முதல் 12 அடுக்கு. தொடையை ஒட்டிய கடைசி அடுக்கு 2 அங்குலம்தான். மேலே போகப் போக நீளம் கூடி, மேல் அடுக்கு 15 அங்குலத்துக்கு வரும். ஜட்டியில் கீழிருந்து மேலாகத் தைத்துக்கொண்டு போ. பெரிய அடுக்கை முதலில் தைத்துவிட்டால் அதற்கு அடியில் மெஷின் நுழையாது. ஒவ்வொரு வரிசைக்கும் அரை அங்குல இடைவெளி விட்டு முதலிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள், கண் அளவை நம்பாதே. ஒரு கோடு கால் அங்குலம் இறங்கினாலும் ஓரத்தில் அது பல மடங்காகத் தெரியும். சுருக்கையும் நான்கு பங்காகப் பிரித்துச் சமமாகப் பரப்பு.

உன் மாதிரி 1946 என்பதை இந்த இடத்தில் மறந்துவிடாதே. இன்றைய டூட்டூ படுக்கையாக விறைத்து நிற்கிறது, அது நைலான் நெட்டின் குணம். அப்போது இருந்தவை பருத்தி நெட்டும் கஞ்சி போட்ட டார்லட்டன் என்ற மெல்லிய பருத்தித் துணியும். வியர்வையும் ஈரமும் பட்டால் துவளும். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் பாவாடை இடுப்பிலிருந்து மெல்லச் சரிந்து தொடையில் இறங்கும். எனக்கு அந்தச் சரிவுதான் அழகு. அது வேண்டுமென்றால் உள்ளே விடும் எஃகு வளையத்தை மெல்லியதாக எடு, மேல் அடுக்குகளுக்கு மிருதுவான நெட்டைத் தேடு. வளையத்தின் இரண்டு முனையும் 2 அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கவேண்டும், டேப்பும் சுற்றியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கூட ஆடுகிறவன் வயிற்றில் குத்தும்.

அடுக்குகளை ஒன்றோடு ஒன்று பிணைக்கும் ஓட்டுத் தையல்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. டூட்டூவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு செய். நூலை இழுத்துக் கட்டினால் நெட் அங்கங்கே குழி விழும். ரொம்பத் தளர விட்டால் சுழலும்போது அடுக்குகள் தனித்தனியாகப் பறக்கும்.

கல், சீக்வின் எல்லாம் கடைசியில்தான். மேல் அலங்காரத்தைத் தனித் துணியில் செய்து கையால் பொருத்து. நெட் வீணானாலும் அலங்காரத்தை எடுத்து வேறொன்றில் வைக்கலாம். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் வைக்காதே. கூட ஆடுகிறவன் கை பிடிக்கும் இடம் அது. கல் இருந்தால் கையைக் கிழிக்கும், வழுக்கும் துணியாக இருந்தால் பிடி நழுவும். ஒவ்வொரு கட்டத்திலும் இருபது அடி தள்ளி நின்று பார். அங்கிருந்து தெரியாத வேலைக்கு ராத்திரி கண் விழிக்காதே.

மேக்கப்பையும் கேட்டிருந்தாய். லெய்ச்னர் என்ற மேக்கப் குச்சியில் 5-ஆம் எண்ணையும் 9-ஆம் எண்ணையும் கலந்து முகத்துக்குப் பூசுவதுதான் அப்போது அங்கே வழக்கம். கண்ணின் உள்முனையில் ஒரு சிவப்புப் புள்ளி, கீழ் இமைக்கும் வரைந்த கோட்டுக்கும் நடுவே வெள்ளை. தூரத்திலிருந்து கண் பெரிதாகத் தெரிய அவ்வளவு போதும். மெழுகுவர்த்தியில் கறுப்பு மெழுகை உருக்கி இமைமுடி நுனியில் சொட்டுச் சொட்டாக வைப்பதும் அப்போது உண்டு. அதை நீ யாருக்கும் செய்யாதே, கண் விஷயம்.

1949 அக்டோபர் 9-ஆம் தேதி இதே ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யோடு நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இறங்கியபோதுதான் ஃபான்டெய்ன் உலகப் பெயர் ஆனாள். ஆனால் அந்தக் காலத்துக்கு ஒரே ஒரு முகம் என்று நினைத்துவிடாதே. அதே வருஷம் ரோலான் பெத்தியின் ‘கார்மென்’ பாலே லண்டனில் அரங்கேறியது. ஜிஜி ஜான்மேர் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், கிரீடமும் கிடையாது டூட்டூவும் கிடையாது. 1956 அக்டோபரில் மாஸ்கோவின் போல்ஷோய் பாலே குழு கோவன்ட் கார்டனுக்கு வந்தபோது 46 வயது உலனோவா, பதினாலு நிறையாத ஜூலியட்டாக ஆடினாள். மெல்லிய நீளக் கவுன் ஒன்றுதான், கல் பதித்த பாடியெல்லாம் இல்லை. உன் டூட்டூவில் இன்னும் ஒரு வரிசை கல் வைக்கலாமா என்று தோன்றும்போது இந்த இரண்டு பேர் படத்தையும் எடுத்துப் பார்.

முடிந்ததும் தலைகீழாகவே மாட்டி வை, நேராகத் தொங்கவிட்டால் ஒரே வாரத்தில் நெட் தொங்கிப்போகும். பாடியின் உட்பக்கம் ஆடுகிறவள் பெயரைத் துணிப்பட்டியில் எழுதித் தை. அவள் மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து அக்குள்வரை உயரம், கால் நடுவே விட்டு முன்னிடுப்பிலிருந்து பின்னிடுப்புவரை சுற்றளவு, இந்த நான்கையும் எழுதி அனுப்பு. கடைசி அளவைத்தான் எல்லாரும் எடுக்க மறப்பார்கள். அது குறைந்தால் பாவாடை மொத்தமும் பின்னால் சாயும். நான் பார்த்துச் சொல்லும்வரை நெட்டில் கத்தரி வைக்காதே.

அன்புடன்,
அம்மா