வெளிச்சம் வேறு, வெயில் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில் இகுவானா என்னும் பெரிய பல்லியைப் பற்றி அண்மையில் வந்த சிறு கட்டுரையைப் படித்தேன். உணவைப் பற்றியும் கையாளும் முறையைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால், கூண்டை ஜன்னலோரம் வைத்து மேலே ஒரு பிரகாசமான பல்பைப் பொருத்திவிட்டால் போதும் என்று முடித்திருந்த அந்த ஒரு வாக்கியத்தைக் கண்டும் காணாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இதே யோசனையை, பிராணியை எனக்கு விற்றவர் வாயால் கேட்டு, நம்பி, என் வீட்டு இகுவானாவை ஏறத்தாழ முடமாக்கியவன் நான்.

குட்டியாக வந்தபோது அது உள்ளங்கையில் அடங்கும் உடலும் அதைவிட நீண்ட வாலுமாக இருந்தது. ஒன்றரை ஆண்டு வரை நன்றாகத் தின்றது, வளர்ந்தது. பிறகு ஒரு நாள், கிளையைப் பற்றியிருந்த அதன் பின்னங்கால் விரல்கள், யாரோ நூல் கட்டிச் சுண்டுவதுபோல் ஒவ்வொன்றாகத் துடிப்பதைப் பார்த்தேன். கனவு காண்கிறது போலும் என்று நினைத்து அதை ரசித்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. சில வாரங்களில் தொடைகள் பருத்தன. சதைப்பற்றாக இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். கிளை ஏறுவதை நிறுத்திவிட்டு அது தரையிலேயே கிடக்கத் தொடங்கிய பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் கட்டைவிரலால் கீழ்த்தாடையை மெல்ல அழுத்தினார். அது ரப்பர் போல் வளைந்து கொடுத்தது. எக்ஸ்ரேயில் எலும்பு எது, சதை எது என்று பிரித்தறிய முடியவில்லை. தொடை பருத்தது கொழுப்பால் அல்ல, சுண்ணாம்புச் சத்தை இழந்து தொய்ந்த எலும்பைத் தாங்குவதற்காக உடல் அதன்மேல் அடுக்கிய நார்த்திசுவால் என்று அவர் விளக்கினார்.

என்ன விளக்கு, எப்போது வாங்கியது, விளக்குக்கும் பிராணிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பவைதான் அவர் முதலில் கேட்ட கேள்விகள்; தீனியைப் பற்றி அதன் பிறகே விசாரித்தார். விற்றவர் சொன்னதற்கும் ஒரு படி மேலே போய், ஊர்வனவற்றுக்கென்றே விற்கப்படும் புற ஊதா ட்யூப்லைட்டை வாங்கி மாட்டியிருந்தேன் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அந்த ட்யூப்லைட் கூண்டின் கண்ணாடி மூடிக்கு மேலே இருந்தது. குட்டி வந்த நாளில் போட்டதை மாற்றவே இல்லை. கூண்டுக்குள் பகல் போல் வெளிச்சம் இருந்ததால் குறை எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன்தான் நானும்.

சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள, நம் கண்ணுக்குப் புலப்படாத பகுதியைப் புற ஊதா பி என்கிறார்கள். அது தோலில் படும்போது அங்குள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்னும் பொருள் வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறுகிறது. அந்த முன்வடிவம் உடற்சூட்டின் துணையோடு டி3 ஆகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் இரண்டு மாற்றங்கள் அடைந்த பின்னரே, தின்ற இலையிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள அது உதவுகிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி அறுந்தால், எவ்வளவு சத்தான கீரையைப் போட்டாலும் கால்சியம் இரத்தத்துக்குப் போதிய அளவு வந்து சேராது. இதயத்துக்கும் தசைகளுக்கும் அது இன்றியமையாதது என்பதால், இரத்தத்தின் கால்சிய அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்க ஆரம்பிக்கிறது. வீட்டுச் செலவுக்குக் கூரை ஓட்டைப் பிரித்து விற்பது போன்ற கதை இது. இதற்கு வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுப்பது ஆபத்தானது; வாய்வழியாக அளவு மீறிச் செல்லும் டி3 உடலில் நஞ்சாகச் சேரக்கூடும். ஒளியால் உண்டாவதில் அந்த அச்சம் இல்லை, ஏனென்றால் தேவைக்கு மிஞ்சிய முன்வடிவத்தை அதே ஒளி பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது.

ஜன்னலோரம் என்ற யோசனை தவறாவது இந்த இடத்தில்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் விடுமே தவிர, புற ஊதா பி கதிர்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும்; பெரும்பாலான பிளாஸ்டிக் தகடுகளும் அப்படியே. கண்ணாடிக்குப் பின்னால் ஆண்டு முழுக்க வெயில் காய்ந்தாலும் இகுவானாவுக்கு எலும்பு உறுதிப்படாது. இதில் இன்னொரு அபாயமும் உண்டு. நேர் வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டியில் உள்ளே வந்த சூடு வெளியேற வழியில்லாமல் சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறி, ஒதுங்க நிழலில்லாத பிராணி செத்துப்போகக்கூடும். ஆக, எலும்புக்குத் தேவையானதைத் தடுத்து, உயிருக்கு ஆபத்தானதை உள்ளே விடுகிறது கண்ணாடி. கம்பி வலைகூட அதன் நெருக்கத்தைப் பொறுத்துக் கதிர்களில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் மேலோ குறைத்துவிடும் என்பதால், விளக்கைக் கூண்டுக்குள்ளேயே, பிராணி தொட முடியாதபடி காப்புக் கம்பிக்குள் பொருத்துவது நல்லது.

வீட்டுக்கு வாங்கும் எல்இடி விளக்கோ குண்டு பல்போ எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பயன்படும் அளவில் இந்தக் கதிரைத் தராது. அதற்கென்று செய்யப்பட்ட ட்யூப்லைட், பாதரச ஆவி விளக்கு போன்றவைதான் வேண்டும். ட்யூப்லைட்டில் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, தூரம்: விலக விலகக் கதிரின் வலு வேகமாகக் குறையும், பழைய வகைத் தடித்த ட்யூப் என்றால் வெயில் காயும் கிளையிலிருந்து 25 முதல் 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், வலுவான புதிய மெல்லிய வகைக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியைப் பின்பற்ற வேண்டும். மற்றது, வயது: ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதன் புற ஊதா வெளியீடு வெகுவாகத் தேய்ந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்கும். என்னை ஏமாற்றியது இதுதான். இப்போது ஒவ்வொரு ட்யூபின் முனையிலும் மாட்டிய தேதியை அழியாத மையால் எழுதி வைக்கிறேன். புற ஊதாக் குறியீட்டை அளக்கும் கையடக்கக் கருவி வைத்திருப்பவர்கள் இன்னும் நிச்சயமாகச் செயல்படலாம். விளக்கு எதுவானாலும் தலைக்கு மேலிருந்தே ஒளி விழ வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் அது கண்களை வருத்தும். பாதரச ஆவி விளக்கு ஒளி, வெப்பம், புற ஊதா மூன்றையும் சேர்த்துத் தரும் என்றாலும், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியோடு அதை இணைக்கக் கூடாது.

வெப்பத்துக்கு வருகிறேன். இகுவானாவின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குடியேறிப் பெருகிவிட்ட பச்சை இகுவானாக்கள், குளிர் கடுமையாகும் இரவுகளில் பிடி தளர்ந்து மரத்திலிருந்து பொத்தென்று விழுகின்றன. 2020 ஜனவரியில், மரத்திலிருந்து இகுவானாக்கள் விழக்கூடும், வியக்க வேண்டாம் என்று மயாமியிலுள்ள வானிலைச் சேவை அலுவலகமே மக்களுக்கு அறிவித்தது. பலர் அதைச் சிரிப்புச் செய்தியாகப் படித்தார்கள். கூண்டுக்குள் நடப்பது அவ்வளவு வேடிக்கையானதல்ல, ஏனென்றால் அங்கே வெப்பக் குறைவு பிராணியை விழச் செய்யாமல் மெல்லக் கொல்கிறது. இகுவானா முழுக்க முழுக்க இலைதழை தின்னும் பிராணி. அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துத்தான் சத்தைப் பிரிக்கின்றன. சூடு போதாவிட்டால் அந்த வேலை மந்தமாகி, தின்றது செரிக்காமல் தேங்கும். தோலில் டி3 உருவாகும் வேகமும் சூட்டைப் பொறுத்தது என்று மேலே சொன்னேன். எனவே நல்ல புற ஊதா விளக்கை வாங்கிவிட்டு வெப்பத்தைக் கவனிக்காதவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருப்பதும் தவறுதான். வெயில் காயும் கிளையில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், எதிர்முனையில் 26 அல்லது 27, இரவில் 23, 24 என்று இறங்குவரிசை இருந்தால்தான், எப்போது காய்வது, எப்போது ஒதுங்குவது என்பதை இகுவானா தானே தீர்மானித்துக்கொள்ளும். வளர்ந்த இகுவானா வால் உட்பட ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமானது என்பதால், ஒரே குவி விளக்கைப் போட்டால் முதுகின் நடுவில் மட்டும் சுட்டுவிட்டு மற்ற பகுதிகள் குளிர்ந்தே கிடக்கும். அடக்கமான இரண்டு மூன்று விளக்குகளை வரிசையாக வைப்பதே மேல். மின்சாரத்தால் சூடேறும் செயற்கைப் பாறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேலிருந்து வரும் வெயிலுக்குப் பழகிய பிராணி, வயிற்றுக்கு அடியில் ஏறும் சூட்டை உணர்ந்து விலகாமல் அப்படியே படுத்துக் கிடந்து தோல் வெந்துபோன நிகழ்வுகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. இரவில் வெப்பம் தேவைப்பட்டால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்துப் பயன்படுத்தலாம். சிவப்பு, நீல பல்புகளை இரவு விளக்காக எரியவிடுவது அதன் உறக்கத்தைக் கெடுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒளி, மீதி நேரம் நல்ல இருட்டு என்று ஒரு டைமரை வைத்துவிட்டால் அந்தக் கவலை தீரும். இகுவானாவின் உச்சந்தலையில் வெளிறிய செதில் போல் தெரியும் மூன்றாவது கண் உருவத்தைக் காணாவிட்டாலும், ஒளி கூடுவதையும் குறைவதையும் உணரும். சூட்டை அளப்பதற்குக் கூண்டின் சுவரில் ஒட்டும் தெர்மாமீட்டர் உதவாது. பிராணி படுக்கும் கிளையின்மேலேயே கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். வெப்ப விளக்குகள் காற்றை உலர்த்திவிடும் என்பதால் தண்ணீர் தெளிப்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், எந்த விளக்கும் நேரடி வெயிலுக்கு ஈடாகாது என்பதே உண்மை. வெளிக்காற்று போதிய வெதுவெதுப்பாக இருக்கும் நாள்களில், பாதி நிழல் விழும்படி வைத்த கம்பி வலைக் கூண்டில், ஒருவர் கூடவே இருந்து கவனிக்க, அதைச் சற்று நேரம் வெயில் காயவிட்டால் அதைவிடச் சிறந்த மருந்தில்லை.

சிகிச்சை பல மாதங்கள் நீடித்தது. என் இகுவானாவுக்கு இப்போது எட்டு வயதாகிறது. கிளை ஏறுகிறது, நன்றாகத் தின்கிறது. ஆனால் கீழ்த்தாடை குறுகி ஒரு பக்கம் கோணியே நிற்கிறது. அது இனி நேராகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இலையைக் கவ்வும்போது ஒரு ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் நழுவி விழும். அதைத் திரும்ப எடுத்து நீட்டுவது என் அன்றாட வேலையாகிவிட்டது. கட்டுரையின் அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது திருத்தி, அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்