பால்வாடிக்கு இரண்டாவது டீச்சர் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில் (வருமானத்தை அல்ல, உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி ஆகியவற்றைப் பார்க்கும் கணக்கு இது) இருப்போர் 2.2 விழுக்காடு மட்டுமே என்று 2023-இல் நிதி ஆயோக் சொன்ன கணக்கை மேடைக்கு மேடை கேட்கிறோம். பெருமைப்படத்தக்க கணக்குதான். ஆனால் எந்த ஆய்விலிருந்து அது எடுக்கப்பட்டதோ, அதே ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ரத்தசோகை 57.4 விழுக்காடு, அதற்கு முந்தைய ஆய்வில் 50.7 ஆக இருந்தது. வீட்டில் மின்சாரம் இருக்கிறது, கேஸ் அடுப்பு இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது. ஆகவே அந்தக் குடும்பம் ஏழைப் பட்டியலில் வராது. அந்த வீட்டுப் பிள்ளைதான் நான்கில் ஒன்று வளராமல் நிற்கிறது.

அந்தக் கணக்கில் சிக்காத இந்த வறுமையைப் பிடிக்க நம்மிடம் இருக்கும் ஒரே வலை, பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோதே, பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளையும் அது சேர்த்துக்கொண்டது. மற்ற மாநிலங்கள் மூன்று வயதில் சேர்க்கும் பிள்ளையை நாம் இரண்டு வயதிலேயே சேர்க்கிறோம். சத்துமாவு, மதியச் சோறு, வாரத்துக்கு மூன்று முட்டை எல்லாம் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-இல் மத்திய அரசு வகுத்த செலவு வரம்பை வைத்துக்கொண்டு இன்று என்ன சமைக்க முடியும் என்பதும், முதல்வரின் காலை உணவுத் திட்டம் ஏன் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதும் தனிக் கடிதத்துக்குரியவை. நாங்கள் எழுத வந்தது வேறு. ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி என அங்கன்வாடிக்கு ஆறு பணிகள். அவற்றில் தினமும் பலியாவது கல்வி ஒன்றுதான். காரணம் டீச்சர்களின் அக்கறையின்மை அல்ல. மையத்தில் இருப்பது ஒரே ஒரு டீச்சர்.

மையத்தில் ஒரு காலை நேரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். உதவியாளரான ஆயாம்மா வாசல் பெருக்கி, தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து உலை வைத்துவிட்டால் மதியம் வரை அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது. டீச்சர் வருகை எடுக்கிறார். பதிவேட்டில் ஒரு முறை, மத்திய அரசின் 'போஷான் டிராக்கர்' கைபேசிச் செயலியில் இன்னொரு முறை. அன்று சத்துமாவு வழங்கும் நாள் என்றால் தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். 2025 ஜூலை முதல் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்த்த பிறகே பாக்கெட் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். ஓடிபி போவது கணவரின் போனுக்கு. கணவர் இருப்பது திருப்பூரிலோ சாலை வேலையிலோ. அவரைக் கூப்பிட்டு, எண்ணைக் கேட்டு அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. உள்ளே பாயில் இருபது பிள்ளைகள் 'அம்மா இங்கே வா வா'வை நான்காவது முறையாகப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

எடை, உயரம் பார்க்கும் நாள் இன்னும் மோசம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பலகையில் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும். ஒருவர் தலையைத் தலைப்பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திக் கால்பலகையை நகர்த்த வேண்டும். அதாவது இந்த வேலைக்கே இரண்டு ஆள் தேவை. ஆயாம்மா அடுப்படியில் இருப்பதால், துள்ளுகிற பிள்ளையைச் சுவரோடு நிற்க வைத்து அளந்துவிடுவதும் உண்டு. படுக்க வைத்து எடுக்கும் அளவுக்கும் நிற்க வைத்து எடுக்கும் அளவுக்கும் சுமார் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை அந்த முக்கால் சென்டிமீட்டரில் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். எடையும் அப்படியே. கொலுசு, அரைஞாண், கனத்த கவுன் எதையும் கழற்றாமல் நிறுத்தால் 200 கிராம் வரை கூடிவிடும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் கூடும் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். எடை கூடாத பிள்ளையைக் கூடியதாக எழுதிவிட்டால், அடுத்த மாதம் வரை யாரும் அந்த வீட்டுப் படியேற மாட்டார்கள்.

இப்போது கல்விக்கு வருவோம். பாடத்திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்து நல்ல திட்டம் இருக்கிறது. வயது வாரியாகச் செயல்பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் புளியங்கொட்டை, மணி, மரக்கட்டை எல்லாம் உள்ள விளையாட்டுப் பெட்டி பெரும்பாலும் பீரோவுக்குள்ளேயே இருக்கும். டீச்சர் சோம்பேறி என்பதால் அல்ல. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கொட்டை கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது மூக்குக்குள் போகிற பொருள். இரு வயதினரையும் பிரித்து உட்கார வைக்க இன்னொரு பெரிய ஆள் இல்லாத மையத்தில், பெட்டியைப் பூட்டி வைப்பதுதான் பொறுப்புள்ள டீச்சர் செய்வது.

பெட்டி பூட்டியிருந்தால் மிஞ்சுவது கோரஸ். ஒன்று முதல் இருபது வரை கூட்டமாகக் கத்துவார்கள். வாசலில் நிற்கும் பெற்றோருக்கு நிறைவாக இருக்கும். அப்படி ஒப்பிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏழு கொட்டை எடுத்துக் குடு, கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளிக் கொடுக்கும். அதற்கு ஏழு என்பது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வரும் ஓர் ஓசை, அளவு அல்ல. ஓசை அளவாக மாற, ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தினமும் சில நிமிடம் எடுத்து வைத்து, எண்ணி, தப்பினால் மறுபடி எண்ண வேண்டும். பேச்சும் இதே கதைதான். ஒரு படத்தைக் காட்டி, "யானை எங்க போகுது? ஏன் அழுவுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். எட்டுப் பிள்ளைகள் உள்ள வட்டத்தில்தான் அது நடக்கும். இருபத்தைந்து பேருக்கு நடுவில் டீச்சரே கேட்டு டீச்சரே சொல்லிவிடுகிறார். மூன்று மாதமாக வாயே திறக்காத பிள்ளை கோரஸுக்குள் ஒளிந்துகொள்கிறது. வீட்டில் பேச்சுக் கொடுக்க நேரமில்லாத, விடிந்தால் வேலைக்கு ஓடும் தாயின் பிள்ளைக்குத்தான் இதில் இழப்பு அதிகம்.

இதைப் பார்க்கும் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? கடன் வாங்கியாவது மூன்றரை வயதில் வேன் வரும் நர்சரியில் எல்.கே.ஜி. சேர்க்கிறார்கள். அதற்கும் முடியாதவர்களின் பிள்ளைகளே மையத்தில் தங்குகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யிலேயே தொடங்குவதால், அப்படிச் சேரும் ஏழைப் பிள்ளையின் மழலையர் கட்டணத்தைத் தனியார் பள்ளிக்கு அரசே கொடுக்கிறது. அதே தெருவில் உள்ள அரசு மையத்துக்கு அந்தக் கல்விக்கென்று ஓர் ஆள் கிடையாது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் அதை நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டுத் தொடர்ந்தார்கள். 54 ஆயிரத்தில் 2,381. மீதி மையங்களுக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது ஆள் வந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கு மட்டும் அரை நேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் கணக்கு, மொழி இரண்டிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். இவை எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது, வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்தே குறைந்தது. பாடச் சுமை இறங்கியதால் பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்தது. கல்விக்குப் போட்ட ஆள் சோற்றுக்கும் பயன்பட்டார் என்று இதைச் சொல்லலாம்.

செலவு? 54 ஆயிரம் மையங்களுக்கு மாதம் 10,000 ரூபாய் வீதம் போட்டால் ஆண்டுக்கு 648 கோடி. 2025-26-க்குப் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. 10,000 என்பதே குறைந்த கூலிதான், அரை நாள் வேலைக்கு அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 5,000 ரூபாய்க்கு வருபவர் ஜவுளிக்கடையில் 9,000 கிடைத்ததும் போய்விடுவார். பிள்ளைகள் மூன்றாவது முறையாகப் புது முகத்தைப் பார்த்து அழத் தொடங்கும்.

இதில் கெட்டுப்போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதை முன்கூட்டியே அடைக்காவிட்டால் இந்தப் பணம் வீண். புதிதாக வருபவர் கையில் மூன்றாம் மாதமே போனைக் கொடுத்து "இதைக் கொஞ்சம் ஏத்திடும்மா" என்பார்கள். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனவர்களில் அங்கன்வாடிப் பணியாளர்களும் இருந்தார்கள். பக்கத்து மையத்தில் ஆள் இல்லையென்றால் 'பொறுப்பு'. அதே ஆண்டில் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அரசு அறிவித்ததிலிருந்தே காலியிடங்களின் அளவு தெரியும். எனவே அரசாணையிலேயே எழுத வேண்டும்: செயலிக் கணக்கு இல்லை, தேர்தல் பணி இல்லை, மாற்றுப் பொறுப்பு இல்லை, காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு மட்டும். பயிற்சியையும் ஐந்து நாள் மண்டபச் சொற்பொழிவாக முடிக்காமல், நல்ல மையம் ஒன்றில் உட்கார வைத்துப் பார்க்கவும் செய்யவும் விட வேண்டும். மேற்பார்வையாளர் வந்தால் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் அரை மணி நேரம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரட்டும்.

சட்டம் இங்கே நமக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. 2002-இல் வந்த 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது; ஆறு வயதுக்குக் கீழே 'அரசு முயலும்' என்பதோடு விட்டுவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றே சொல்கிறது. ஆனால் ஒரு கருவி உண்டு, பலருக்குத் தெரியாது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் பெற உரிமையுடையது என்று 2006 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. செங்கல் சூளை, குடிசைப் பகுதி, ஊருக்கு வெளியே போட்ட புதுக் காலனி என்று எந்த இடமாக இருந்தாலும், பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, தெரு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மையம் இருக்கிற ஊர்க்காரர்கள் கிராம சபையில் 'கல்விக்குத் தனிப் பணியாளர்' என்று தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தீர்மானத்தை நோட்டில் ஏற்றி எண் போட்டார்களா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்; கைதட்டி முடிந்த பல தீர்மானங்கள் நோட்டுக்குள் போனதே இல்லை.

இப்படிக்கு,
முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்துப் பணியில் உள்ளோர் சிலர்