கழிவறை வாசல் கேமராவின் பதிவைக் கொடுங்கள்: காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிடிபட்டவர்கள் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிவது பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு சுவரோரம் உட்கார்ந்திருக்கும் படங்கள் எல்லார் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. நிலையத்துக்குள் எடுத்த படத்தை வெளியாள் வந்து எடுத்திருக்க முடியாது. சென்னை உயர்நீதிமன்றமே 2025-இல் இதைக் கேட்டுவிட்டது: பிடிபட்டவர்கள் மட்டும் வழுக்கி விழுகிறார்களே, அதே கழிவறைக்குப் போகும் காவலர்கள் ஏன் விழுவதில்லை? பதிலுக்கு நாங்களும் காத்திருக்கிறோம்.

நான் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் சின்னதாக ஓட்டல் நடத்துகிறேன். என் பரோட்டா மாஸ்டருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஒரு ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் செல்போன் திருடு போயிருக்கிறது, சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம் என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அழைப்பாணை கிடையாது, கைதுக் குறிப்பும் கிடையாது. எந்த நிலையம் என்றுகூட அவன் மனைவிக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆளைத் திருப்பி விட்டார்கள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. செல்போனை எடுத்தவன் வேறு ஊரில் பிடிபட்டுவிட்டானாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு தாளில் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். ‘கழிவறையில் வழுக்கி விழுந்தேன், யார்மீதும் புகார் இல்லை’ என்று எழுதியிருந்ததாம். பத்தாம் வகுப்புவரை படித்த பையன் அவன். கடையில் சரக்குக் கணக்கு முழுக்க அவன் எழுத்துதான், ஆதார் முதல் வங்கிப் புத்தகம் வரை கையெழுத்துத்தான். அந்தத் தாளில் மட்டும் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறான். வலது கையில் பேனா பிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே மையை நீட்டி ரேகை வாங்கிய அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை ஐயா.

அரசு மருத்துவமனையில் கொடுத்த ஏ.ஆர். காப்பியிலும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) ‘கழிவறையில் விழுந்ததாகச் சொல்கிறார்’ என்றே இருக்கிறது. மருத்துவர் கேட்கும்போது கூட்டிக்கொண்டு வந்த காவலர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அடித்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரால் உண்மையைச் சொல்ல முடியும்?

கட்டுப் பிரித்த பிறகு வேலைக்கு வந்தான். மாவு பிசைந்தான், உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறவைத்தான். வீசும்போதுதான் தெரிந்தது. பரோட்டா வீசுவது முழுக்க மணிக்கட்டு வேலை. மாவை விரல் நுனியில் தூக்கி, கையைச் சுழற்றிப் பலகையில் அறையவேண்டும். ஒவ்வொரு அறைக்கும் மாவு அகன்று, அடியில் பலகை தெரிகிற அளவுக்கு மெலியும். அவன் தூக்கினான், மணிக்கட்டு பாதியில் நின்றுவிட்டது. மாவு மடிந்து ஒரு பக்கமாக விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடியும் அப்படியே. இடது கையால் முயன்று பார்த்தபோது கிழிந்துபோனது. ‘அண்ணாச்சி, நான் பாத்திரம் கழுவுறேன், வேற ஆளைப் போட்டுக்கோங்க’ என்றான். மாஸ்டர் சம்பளம் வேறு, பாத்திரம் கழுவுகிறவர் சம்பளம் வேறு. நான் குறைக்கவில்லை. ஆனால் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனால் எந்தக் கடைக்காரரும் முதலில் ‘வீசிக் காட்டு’ என்றுதான் கேட்பார்.

நிலையத்துக்குப் போய் சிசிடிவி பதிவைக் கேட்டோம். கேமரா ரிப்பேர் என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். சட்டம் தரும் 30 நாள் அவகாசம் முடிகிற நேரத்தில் பதில் வந்தது. புதிய பதிவு ஏறியதால் பழைய பதிவு தானாக அழிந்துவிட்டதாம். ரிப்பேரான கேமராவில் புதிய பதிவு எப்படி ஏறியது? இரண்டில் ஒரு பதில் பொய். எது பொய் என்று உங்கள் அலுவலகம்தான் விசாரிக்க வேண்டும்.

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. காவலில் இருந்த ஒருவருக்குக் காயம் என்றால், அவர் உள்ளே வந்த நிமிடம் முதல் வெளியே போன நிமிடம் வரைக்கும் உள்ள சிசிடிவி பதிவை அன்றைக்கே தனியாக எடுத்து, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போடுங்கள். பதிவு இல்லை என்றால் அதற்கு நிலையப் பொறுப்பாளர் பதில் சொல்லட்டும்.

இதற்காக ஒரு புதுச் சட்டமும் வேண்டாம். காவல் நிலையக் கேமராக்கள் பற்றிய பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நுழைவாயில், லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்பகுதி என்று எங்கெங்கே கேமரா வேண்டும் என்பதைத் தீர்ப்பே பட்டியல் போடுகிறது. இரவிலும் தெரியவேண்டும், பேச்சும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்கவேண்டும், அவ்வளவு கொள்ளளவு சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. கழிவறையையும் அந்தப் பட்டியல் விடவில்லை: உள்ளே கூடாது, வெளியே வைக்கவேண்டும் என்கிறது.

அந்த ஒரு கேமரா போதும் ஐயா. உண்மையிலேயே வழுக்கி விழுந்தவர் என்றால், நல்ல கையோடு நடந்து உள்ளே போவது அதில் இருக்கும். சத்தம் கேட்டுக் காவலர்கள் ஓடி வருவதும், அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வருவதும் இருக்கும். இரண்டு நிமிடப் பதிவு அது. அதைக் காட்டினால் உங்கள் காவலர்மேல் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது, நேர்மையான காவலரைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இத்தனை மாவுக்கட்டுப் படங்கள் வருகின்றன, கழிவறை வாசல் காட்சி ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நிலையம் கேமராக் கண்காணிப்பில் இருக்கிறது, பதிவு குறிப்பிட்ட காலம்வரை இருக்கும், மனித உரிமை மீறப்பட்டால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கிற உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதையெல்லாம் வாசலில் எல்லாருக்கும் புரிகிற மொழியில் பெரிதாக எழுதி வைக்கவேண்டும். எங்கள் ஊர் நிலையத்து வாசலில் ஹெல்மெட் போடச் சொல்லும் பலகை இருக்கிறது, போதைப்பொருள் பற்றிய பலகை இருக்கிறது. இது இல்லை. அப்படியொரு உரிமை இருப்பதே ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பதிவு அழிவது புதிதும் இல்லை. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19-ஆம் தேதி தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கேட்கப் போன மகனையும் நிலையத்திலேயே பிடித்து வைத்தார்கள். நானும் கடை வைத்திருப்பவன், ஷட்டரை இறக்கப் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும் என்பது எனக்குத் தெரியும். ரத்தக் காயத்தோடு ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போய் அடுத்தடுத்து இருவரும் செத்துப்போனார்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், கேமராவின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். உண்மை எப்படி வெளியே வந்தது? அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் விடிய விடிய அடித்ததை நடுவரிடம் சொன்னார். எவ்வளவு பெரிய தைரியம்! ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி நாங்கள் பிள்ளைகளை அனுப்ப முடியுமா?

அதற்கப்புறமும் நிற்கவில்லை. 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் வந்தது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரை, நகை காணோம் என்ற புகாருக்காகத் தனிப்படை அடித்தே கொன்றதாக வழக்கு. உடம்பில் 44 காயங்கள் இருந்ததை உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அங்கேயும் உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோ. அதன்பின் தனிப்படைகளைக் கலைக்க உத்தரவு வந்தது, முதலமைச்சரே தொலைபேசியில் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். செத்த பிறகு வரும் வேகத்தில் பாதி, கை உடையும்போது வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள். கை உடைந்ததை யாரும் விசாரிக்காத இடத்தில்தான் அடுத்து உயிர் போகிறது.

எதற்காக அடிக்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கும் சட்டம். வாக்குமூலத்துக்காகக் கொடுங்காயம் உண்டாக்கினால் 10 ஆண்டுவரை சிறை. அது பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆவது பிரிவிலும் இருக்கிறது. செல்போன் திருட்டு போன்ற வழக்கில் ஆளைத் தூக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தால் போதும். என்னிடம் கொடுத்திருந்தால் நானே மறுநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

இதில் எங்கள் ஜனங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. என் கடையில் சாப்பிட உட்கார்ந்து மாவுக்கட்டுப் படத்தைக் காட்டி, ‘இப்படித்தான் செய்யணும்’ என்று பாராட்டுகிறார்கள். நீதிமன்றத்தில் வழக்கு பத்து வருஷம் இழுக்கிறது, அதனால் காவலரே தண்டனை கொடுக்கட்டும் என்கிறார்கள். வழக்கு இழுப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கையில் லத்தியைக் கொடுத்துவிட்டால் அது ரவுடி வீட்டோடு நிற்காது. பெரிய ரவுடிக்கு வக்கீல் இருக்கிறார், கட்சி இருக்கிறது. பரோட்டா மாஸ்டருக்கு யார் இருக்கிறார்கள்? என் கடையில் காவலர்களும் சாப்பிடுகிறார்கள். ராத்திரி ரோந்து முடித்து, தூக்கம் கெட்ட கண்ணோடு வந்து உட்காருவார்கள். திருவிழா பந்தோபஸ்து என்றால் வீட்டுக்குப் போகாமல் நாள்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. இருப்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு. வெறும் வெறுப்பு என்றால் எழுதி என்ன ஆகப்போகிறது?

இன்று அந்தத் தம்பியின் மனைவி, வீட்டில் திருடு போனாலும் நிலையத்துக்குப் போகமாட்டேன் என்கிறாள். காக்கியைக் கண்டால் குழந்தை அப்பாவின் பின்னால் ஒளிகிறது. இதையெல்லாம் ஒரு நாள் ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று ஊர்வலம் போய்ச் சரிசெய்ய முடியாது.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். காவலில் காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் சிசிடிவி பதிவு நடுவரிடம் போகவேண்டும். கழிவறையில் விழுந்ததாகச் சொன்னால் கழிவறை வாசல் பதிவு கட்டாயம் போகவேண்டும். கேமரா ஓடவில்லை என்பது பதிலாக இருக்கக்கூடாது. வேலை செய்யாத கேமராக்கள் பற்றி 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்திருக்கிறது, அங்கே போய்ப் பதில் சொல்வதற்கு முன் இங்கே நீங்களே ஒரு சுற்றறிக்கையில் செய்யலாம். மருத்துவர் பரிசோதிக்கும்போது காவலர் அறைக்கு வெளியே நிற்கவேண்டும் என்றும் அதிலேயே ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.

தம்பியின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அடுத்து எங்கே திருடு போனாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் என்ற பயம் அவனுக்கு இருக்கிறது. ஏ.ஆர். காப்பி, தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதில், அவனுடைய பழைய கையெழுத்து இருக்கும் ஆவணங்களின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் அலுவலகத்துக்குத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ரேகை வைத்த தாள் நிலையத்தில் இருக்கிறது. அதை வரவழைத்து, பக்கத்தில் அவன் கையெழுத்தை வைத்துப் பாருங்கள். அப்புறம், விசாரணைக்கு அவனைக் கூப்பிடுவதாக இருந்தால், அந்த நிலையத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அதிகாரி முன்னிலையில் பகல் நேரத்தில் கூப்பிடுங்கள். நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஓர் ஓட்டல் கடைக்காரர்