இறால் குளத்துக் கணக்கு: சேகருக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள சேகர்,

பதில் போட நாளாகிவிட்டது, திட்டாதே. மில்லில் ஸ்பின்னிங் ஷெட்டின் ஈரப்பதக் கருவிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்து எனக்கும் வாசித்துக் காட்டுகிறாள்.

உன் மச்சான் வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை எடுத்தது நல்ல சேதி. குளத்துக்குக் குளம் ஆக்சிஜன் சென்சார், நடுவில் ராஸ்பெரி பை என்னும் குட்டிக் கம்ப்யூட்டர், அங்கிருந்து அளவுகளை நேரவாரியாகச் சேமிக்கும் இன்ஃப்ளக்ஸ்டிபி டேட்டாபேஸ். அதற்கு அனுப்பப் பைத்தான் மொழியில் எந்த லைப்ரரி (ரெடிமேட் கோடு) என்று கேட்டிருந்தாய். முதலில் சர்வர் எந்தப் பதிப்பு என்று பார். 1-க்கு 'இன்ஃப்ளக்ஸ்டிபி', 2-க்கு 'இன்ஃப்ளக்ஸ்டிபி-கிளையன்ட்', 3-க்கு 'இன்ஃப்ளக்ஸ்டிபி3-பைத்தான்'. பெயர் வைத்த புண்ணியவான்களை என்ன சொல்ல! 2-இல் டேட்டாவைக் கேட்டு எடுக்க இருந்த ஃப்ளக்ஸ் மொழி 3-இல் கிடையாது, எஸ்க்யூஎல் அல்லது இன்ஃப்ளக்ஸ்க்யூஎல்தான். எங்கள் மில்லில் ஓடுவது 2. அதனால் கீழே எழுதுவதெல்லாம் அதை வைத்து.

லைப்ரரியைத் தொடுவதற்கு முன் அது கடைசியில் என்ன அனுப்புகிறது என்று பார்த்துவிடு. ஒரே ஒரு வரிதான்:

குளம்,எண்=3 ஆக்சிஜன்=4.8 1718000000000000000

மெஷர்மென்ட் (எதன் கணக்கு), டேக் (அடையாளம்), ஃபீல்டு (அளந்த மதிப்பு), கடைசியில் நானோ செகண்டில் நேரம். தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். குளத்து எண் டேக், அளவு ஃபீல்டு. இதை மாற்றிப் போட்டால் ஒவ்வொரு புது அளவும் தனித் தொடராகி டேட்டாபேஸ் திணறும். சென்சார் 5 என்று முழு எண் கொடுத்தால் லைப்ரரி அதை இன்டிஜராக அனுப்பும். முதலில் போனது அதுவென்றால், பின்னால் வரும் 4.8 நிராகரிக்கப்படும். எதையும் ஃப்ளோட் (தசம எண்) ஆக்கியே கொடு.

நீ கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் வேறு. 'ரைட்' என்று கூப்பிட்டதும் ரீடிங் போய்விட்டதாக நினைக்காதே. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது பேட்ச் முறையில் ஓடும்: மெமரியில் 1000 வரி சேரும்வரை, அல்லது ஒரு நொடி ஆகும்வரை வைத்திருந்து பிறகுதான் அனுப்பும். நெட் இல்லையென்றால் சில முறை முயன்று பார்க்கும், அதிகபட்சம் 3 நிமிடம். அதற்குப் பிறகு அந்த பேட்ச்சைக் கைவிட்டுவிடும். உன் புரோகிராமுக்கு எக்செப்ஷன், அதாவது பிழை அறிவிப்புகூட வராது. கடலோரத்தில் கரன்ட்டும் நெட்டும் 3 நிமிடத்திலா திரும்பி வருகிறது? அனுப்ப முடியாமல் போனால் லைப்ரரி கூப்பிடும் எரர் கால்பேக் என்ற ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது, அதில் விழும் வரிகளை அப்படியே ஒரு ஃபைலில் எழுதி வை. புரோகிராமை நிறுத்தும்போது 'க்ளோஸ்' கூப்பிடவும் மறக்காதே, இல்லையென்றால் கையிருப்பு போய்விடும்.

நெட் வந்ததும் அந்த ஃபைலை முழுதாகத் திரும்ப அனுப்பலாம். ஒரே டேக், ஒரே நேரம் என்றால் பழைய வரியின் மேலேயே எழுதிக்கொள்ளும், இரட்டிப்பாகாது. ஆனால் நேரத்தை நீ போட்டிருந்தால்தான் இது நடக்கும். சர்வர் போடட்டும் என்று விட்டால், அதிகாலை 4 மணி ரீடிங் காலை 9 மணிக்கு வந்ததாகப் பதிவாகும். ராஸ்பெரி பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரன்ட் போய் வந்தால், நெட் கிடைக்கும்வரை அதன் நேரத்தை நம்ப முடியாது. டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்று வாங்கிச் செருகிவிடு. பைத்தானில் டைம்ஜோன் இல்லாமல் 'நவ்' (இப்போதைய நேரம்) கொடுத்தால் லைப்ரரி அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். ரீடிங் எல்லாம் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் விழும், கிராஃபில் ஒன்றும் தெரியாது, நீ சென்சாரைச் சந்தேகிப்பாய்.

வெளியே எடுக்கும்போதும் இதே ஐந்தரை மணி வம்புதான். நாளொன்றுக்குக் குறைந்த அளவு என்று ஃப்ளக்ஸில் கேட்டால், நாள் தொடங்குவது யூடிசி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30-க்கு. குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவதோ விடிவதற்குச் சற்று முன். செவ்வாய் அதிகாலைச் சரிவு திங்கள் பகலோடு சேர்ந்துவிடும். டைம்ஜோன் பேக்கேஜில் ஏசியா/கொல்கத்தா என்று வைத்தால் சரியாகும்.

ஒன்றை மட்டும் உன் மச்சானிடம் அழுத்திச் சொல். ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால், தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓட்டும் முடிவு ராஸ்பெரி பையிலேயே நடக்கட்டும். டேட்டாபேஸைக் கேட்டு வந்து ஓட்டுவதற்குள் இறால் மிதந்துவிடும்.

சர்வர் பதிப்பை எழுது, கால்பேக் கோடை அனுப்புகிறேன். பொங்கலுக்கு வருகிறோம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்